தலை பட்ட இடம்

நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு என்றால் நாளைக்குத்தானே, மாதாவுக்கு அப்படி என்ன அவசரம் என்று கதவைப் பிடித்தபடி நின்றான் இன்னாசி. ஐஸ் பிளாண்டில் ராத்திரி வேலை முடித்து வந்து படுத்தவனுக்குத் தூக்கம் இன்னும் ஒரு கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிலோமினா மைனி குடையை மடக்கவில்லை, படியில் கால் வைக்கவுமில்லை, தெருவில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தும் விட்டாள். "கஸ்பார் வீட்டுல அவன் மாமனாரு மத்தியானம் தவறிட்டாரு தம்பி. எழவு வீட்டுல சுரூபத்த வச்சிக்கிட முடியாதுல்லா. அடுத்த வீடு ஒங்க வீடுதான். சாயங்கால மணி அடிச்சதும் கெளம்பிருவோம், ரெடியா இருங்க." போகும்போது அவள் கண் இவன் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் ஒரு நடை போய்வந்தது. முந்தானை மூக்கு வரைக்கும் போய், பிறகு வியர்வையைத் துடைக்கத்தான் வந்தது போலக் கழுத்துக்கு இறங்கியது. பிலோமினா மைனி தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்துக்குத் தலைவி. ஜெபமாலை மாதம் முழுக்க மாதாவின் சிலை, அந்தச் சுரூபம், ஒரு ராத்திரிக்கு ஒரு வீடாகத் தெருவைச் சுற்றிவரும், எந்த வீட்டுக்கு எப்போது என்பது அவள் சொல்வதுதான். இத்தனை வருஷமும் அந்தச் சுரூபம் இந்த வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்தாமலே அடுத்த வாசலுக்குப் போய்விடும். இந்த வருஷம் வந்த புதுச் சாமியார், ஒரு வீட்டையும் விடக்கூடாது என்று பூசையில் சொல்லிவிட்டார், அவருக்கென்ன, வந்து பார்த்தாரா. இன்னாசி திரும்பினான். முன்னறை மூலையில் அவன் அண்ணன் தொம்மை வழக்கம்போலச் சுவரில் தலையைச் சாய்த்து, காலை நீட்டி, வாயோரம் காய்ந்த சோற்றுப் பருக்கையோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடியில் தரை ஈரமாக மினுங்கியது.

விளக்குமாறு எங்கே? பெண்டாட்டி சலேத் வைக்கிற இடத்தில் இல்லை, கதவுக்குப் பின்னாலும் இல்லை. ஒரு வீட்டில் விளக்குமாறு எங்கே இருக்கும் என்று தெரியாமல் ஒரு ஆம்பிளை இத்தனை வருஷம் இருந்துவிட முடிகிறது என்று நினைத்தபோதே அது அடுப்படியில் சிலிண்டருக்குப் பின்னால் தலைகீழாக நின்றது கண்ணில் பட்டது. முதலில் கூட்டுவதா, கழுவுவதா? கூட்டினால் ஈரத்தில் தூசி சேறாகும், கழுவினால் காயாது. சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். தட்டு, மாத்திரை அட்டை, பழைய துணி மூட்டை, தொம்மை பொறுக்கிச் சேர்த்த பாட்டில் மூடிகள், எல்லாம் உள்ளே போ. கட்டில் விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டான். அவ்வளவுதான், பாதி வீடு சுத்தம். ஆனால் வாடை? அதுதான் இன்னாசியின் பயம். அமோனியாவில் வருஷக்கணக்காக நின்று அவன் மூக்கு செத்துப்போயிருந்தது. மீன் வாடை தெரியாது, மல்லிகைப் பூ தெரியாது, சோறு தீய்வது புகையைப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் மூத்திர வாடை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, கழுவியபின் போய்விட்டதா, எதுவும் அவனுக்குத் தெரிய வழியில்லை, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது தெரிந்து என்ன செய்ய? பினாயிலை எடுத்தான். ஒரு மூடி ஊற்றினால் போதும் என்பாள் சலேத். ஒரு மூடி ஊற்றினான், குனிந்து முகர்ந்தான், ஒன்றுமில்லை, இன்னொரு மூடி ஊற்றினான், பிறகு பாட்டிலைக் கவிழ்த்தே விட்டான். வெள்ளையாகப் பாலைப் போலத் தரையில் ஓடியது. போன் அடித்தது. இறால் கம்பெனியிலிருந்து சலேத். "மைனி எனக்கும் சொல்லி விட்டுட்டாவ. நான் நேரா கோயிலுக்கு வந்து சுரூபத்தோடயே வந்துருதேன். இந்தாங்க, கேக்கியளா? வீட்ட நல்லாக் கழுவுங்க." "கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன்." "ஒங்க அண்ணன…" "ம்." "அவர எங்கயாச்சும் வையுங்க. கண்ணுல படக்கூடாது. இன்னைக்கு ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி. இதுவும் நாறிப் போச்சுன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன், சும்மா சொல்லுதேன்னு நெனைக்காதீய." பின்னால் இறால் உரிக்கிற பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சலேத்தைப் பார்த்துத்தானா? சாப்பாட்டு வேளையில் அவள் டிபன் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து தள்ளி உட்காருவாளாம். பைத்தியக்கார வீட்டுச் சோறு என்பார்களாம். அவள் அதைச் சொல்லும்போது அழமாட்டாள், பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். ஒருநாள் அவள் போய்விடுவாள், சும்மா சொல்லவில்லை என்று இவனுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் இவனும் அவனும்தான். இரண்டு சுவர், இரண்டு மூலை, ஆளுக்கொன்று.

எங்கயாச்சும் வையுங்க என்றால் எங்கே? மனுசனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளமுடியுமா? தள்ளலாம், ஆனால் சத்தம் போடுவான். மொட்டைமாடி கிடையாது. பக்கத்து வீட்டில் யாரும் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் ஒரு குளியலறை இருக்கிறது, தகரக் கதவு, வெளியிலிருந்து கொக்கி போடலாம். அங்கேதான். வேறு எங்கே? இதை யோசிக்கவே தேவையில்லை, மைனி வாய் திறந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் யோசிப்பது போல யோசித்துக்கொண்டே இரண்டு லுங்கிகளை எடுத்துத் தரையைத் துடைத்தான். முன்பு ஒரு தடவை இந்த வீட்டுக்கு மாதா வந்திருக்கிறாள். வாசலில் வீட்டுக்கு மூத்த ஆம்பிளைதான் சுரூபத்தை ஏந்தி வாங்கவேண்டும், அதுதான் முறை. அப்பா செத்து முதல் வருஷம், தொம்மை வாங்கினான். மண்டை கலங்க ஆரம்பித்திருந்த நேரம், யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. வாங்கியவன் மறுநாள் திருப்பிக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இதே மூலையில் உட்கார்ந்துவிட்டான், எடுக்க வந்தவர்களைக் கடித்தான். நாலு பேர் சேர்ந்து பிடுங்கியதில் மாதாவின் வலது கை விரல் இரண்டு உடைந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. பாட்டு நிற்காமல் வாசலைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். இன்னாசிக்கு அப்போதும் ஆத்திரம் வந்தது அண்ணன் மேல் இல்லை, விரல் மேல். ஒரு விரல் உடைந்தால் ஒட்டவைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. ஒட்டவும் வைத்தார்கள். வீட்டைத்தான் யாரும் ஒட்டவைக்கவில்லை. அண்ணன் மேல் ஆத்திரம் என்பது வேறு, அது அதற்கு முன்னாலேயே இருந்தது, ரொம்ப முன்னால். மண்டை கலங்குவதற்கு முன்பும் தொம்மை நல்லவனில்லை, இதை யாரிடமும் சொல்லமுடிவதில்லை. பாவம் என்கிறார்கள், எவ்வளவு நல்லா இருந்த பிள்ள என்கிறார்கள். நீந்தக் கற்றுத்தருகிறேன் என்று பாலத்திலிருந்து தள்ளிவிட்டவன் அவன். மேலே வந்தால் தலையில் காலை வைத்து அழுத்தினவன் அவன். பெல்ட்டை ஈரத்தில் நனைத்து அடித்தால் தழும்பு நிற்காது, வலி மட்டும் நிற்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தவன். ஒருநாள் இவன் பெரியவனாகி, தோள் விரிந்து, ஐஸ் கட்டியைத் தனியாகத் தூக்குகிற கை வந்து, சரி இனி ஒரு கை பார்க்கலாம் என்று நின்றபோது, எதிரே நின்றவன் கைதட்டிச் சிரித்தான். அடித்த ஆள் போய்விட்டான். அவன் உடம்புக்குள் யாரோ ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தது, பசிக்குது என்றது. அந்தக் கடனை இனி யாரிடம் தீர்க்க? அதைத்தான் இன்னாசி இத்தனை வருஷமாக மன்னிக்கவில்லை. தொம்மை அடித்ததையாவது மன்னித்திருப்பான், தப்பித்துப் போனதை மன்னிக்க முடியவில்லை.

சுவர். சுவரை மறந்துவிட்டான். தொம்மையின் தலை சாய்ந்து சாய்ந்து அந்த மூலையில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது, எண்ணெயும் அழுக்கும் ஏறி, ஒரு மனுசத் தலை அளவுக்கு. அதற்குக் கீழே முதுகின் நீளத்துக்கு மங்கலாக இன்னொரு கறை. எந்திரி என்று காலால் தட்டினான். "ஏய். எந்திரி." ஒரு காலத்தில் அண்ணே என்றுதான் கூப்பிட்டான், பிறகு பெயர், பிறகு ஒன்றுமில்லாமல், இப்போது ஏய். எப்போது மாறியது என்று ஞாபகமில்லை. தொம்மை எழுந்து நகர்ந்தான், நகர்ந்த இடமெல்லாம் ஈரப் பாதம். பினாயில் தண்ணீரில் துணியை முக்கி வட்டத்தைத் தேய்த்தான். கறுப்பு சாம்பலானது, சாம்பல் பரவியது, வட்டம் பெரிதாகிவிட்டது. சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தால் சுண்ணாம்பு உரிந்து கையோடு வந்தது. இன்னும் தேய்த்தால் ஓட்டை விழும். கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள், டப் டப் என்று அது இவன் நெற்றியில் விழுந்தது. சரி, மேசையை இங்கே போடு. மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, பின்னால் சலேத்தின் நீலச் சேலையைத் திரைபோலக் கட்டிவிட்டால் போயிற்று. மாதா வந்து கறையின் முன்னால் நின்றுகொள்ளட்டும். நிற்கத்தானே வருகிறாள். மேசையை இழுத்தபோது தொம்மை தன் மூலை போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ஏல இன்னாசி, நான் எங்கன இருக்க?" "நீ இன்னைக்குக் குளிக்கப் போற." "குளிச்சிட்டேன்லா." "எப்ப குளிச்ச?" "அன்னைக்கு." இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

தேங்காய் நாரைத் தேட நேரமில்லை. தரை தேய்க்கிற பிரஷ் கையிலேயே இருந்தது. துவைக்கிற கல்லில் உட்காரவைத்து டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினான், இரண்டாவது மக்கில் தொம்மைக்கு மூச்சு முட்டியது, மூன்றாவதை அவன் மூச்சு வாங்குமுன் ஊற்றினான். "ஏல, கண்ணு எரியுது." "எரியட்டும்." சோப்புத் தூளைக் கையில் அள்ளி முதுகில் அப்பி, பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தான். அழுக்கு திரிதிரியாக உருண்டது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகப் பிரஷுக்கு அடியில் தட்டுப்பட்டது, இந்தத் தோளா அந்தத் தோள், இந்தக் கையா பெல்ட்டைச் சுற்றிப் பிடித்த கை, எவ்வளவு சின்னதாகிவிட்டது. "வலிக்குதுல." "கொஞ்சம் பொறு." "வலிக்குது இன்னாசி." சின்ன வயசில் இவன் அதையே இதே குரலில் சொன்னபோது தொம்மை என்ன சொன்னான்? ஞாபகம் வரவில்லை. ஏதோ சொன்னான், சிரிக்கிற மாதிரி ஏதோ. அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்துவிட்டால் இப்போது திருப்பிச் சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, வரவில்லை, வராத கோபத்தில் இன்னும் அழுத்தினான். முதுகு சிவந்தது. அழுக்கு எப்போதோ போய்விட்டது, இப்போது தேய்ப்பது வெறும் தோல். நேரமில்லை நேரமில்லை என்று மைனி வந்துபோனதிலிருந்து பறந்தவனுக்கு இங்கே மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. தோளில் ஒரு இடத்தில் மெல்லிய கோடாக ரத்தம் துளிர்த்ததும்தான் கை நின்றது. தொம்மை அழவில்லை, திரும்பிப் பார்த்தான், "தீந்துட்டா?" என்று கேட்டான். துவட்டத் துணி எடுக்க உள்ளே ஓடினான். லுங்கி இல்லை. இருந்த இரண்டு லுங்கியையும் தரை துடைத்துப் பினாயிலில் நனைத்தாயிற்று. தன்னுடையது ஒன்று இடுப்பில், மற்றது மாதாவை வாங்க உடுத்தவேண்டிய வெள்ளை வேட்டி, அதைக் கொடுக்கமுடியாது. கொடியில் காய்ந்துகொண்டிருந்தது சலேத்தின் பழைய நைட்டி ஒன்றுதான். ரோஸ் கலரில் பூப்போட்டது. ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு தலைவழியாக மாட்டி இழுத்துவிட்டான். நரைத்த தாடியும் நைட்டியுமாக நின்றான் தொம்மை, குனிந்து வயிற்றில் இருந்த பூக்களை விரலால் தடவினான். "நல்லா இருக்கு" என்றான். இன்னாசி மறுபடியும் சிரித்தான், இந்தத் தடவை வாய்விட்டு. இந்த நைட்டியோடு எப்படி வெளியே வருவான், வந்தால்தான் என்ன ஆகும் என்று நினைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

குளியலறைக்குள் விட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து உட்காரவைத்தான். "அண்ணே" என்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது, காரியம் ஆகவேண்டியிருந்ததால் சுலபமாகவே வந்தது. "அண்ணே, மாதா வருதாவ." தொம்மையின் முகம் விரிந்தது. "நம்ம வீட்டுக்கா?" "ஆமா. நீ பேசுனா வரமாட்டாவ. வந்த வழியே திரும்பிப் போயிருவாவ." "நான் பேசல." "சிரிக்கவும் கூடாது. கதவத் தட்டவும் கூடாது." "பேசல, தட்டல." உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினான், நைட்டிக் கை முழங்கை வரைக்கும் வழிந்தது. இன்னாசி தகரக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டான், கொக்கியின் மேல் ஒரு கம்பியையும் சுற்றினான். உள்ளே இருட்டு. சன்னல் கிடையாது. இருட்டென்றால் அவனுக்குப் பயமா? தெரியாது, இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. ஓடினான். வேட்டி, சட்டை, நீலச் சேலைத் திரை, மெழுகுவர்த்தி, நாலு ஊதுபத்தியை ஒன்றாகக் கொளுத்தினான், பிறகு நாலு போதாது என்று முழுக் கட்டையும். புகை கண்ணைக் கரித்தது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, பிறந்த வீட்டின் வாடை தெரியாமல் அதன் நடுவே நின்று, சுத்தமாகிவிட்டதா சுத்தமாகிவிட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கண்ணுக்கு எல்லாம் சுத்தம். இந்த வீடு இவ்வளவு பெரிதா? ஒரு ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு இடம் கிடைக்கிறது, எவ்வளவு வெளிச்சம். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, அதைத் துரத்தவில்லை, உட்காரச் சொல்லி நாற்காலி போட்டான். ஒரு காய்ச்சல், ஒரு மூச்சுத் திணறல், ஈரத் தரையில் ஒரு வழுக்கல். குளித்த உடம்பு, ஈரக் காற்று, எத்தனையோ பேருக்கு வருகிறது. மணி அடித்தது.

பாட்டுச் சத்தம் தெருமுனையிலிருந்து வந்து, நெருங்கி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாசலில் நின்றது. முன்னால் சுரூபத்தோடு பிலோமினா மைனி, பின்னால் தெருப் பெண்கள், அவர்களுக்கு நடுவே சலேத், வேலைச் சேலையோடு, தலையில் முக்காடு. "வீட்டுக்கு மூத்தவுக வந்து வாங்குங்க" என்றாள் மைனி, முறைப்படி, யாருடைய முகத்தையும் பார்க்காமல். இன்னாசி கையை நீட்டினான். எல்லோருக்கும் தெரியும், தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, மைனி சுரூபத்தை இவன் கையில் வைத்தாள். அவன் சுரூபத்தைப் பார்க்கவில்லை, அவர்கள் மூக்கைப் பார்த்தான். உள்ளே வந்தார்கள். ஒரு முந்தானையும் மேலே ஏறவில்லை. "வீடு மணமா இருக்கு" என்றாள் ஒருத்தி. "பளிச்சுன்னு வச்சிருக்காரு இன்னாசி, பாத்துக்கிடு சலேத்து, ஒன்னவிட நல்லாத் துடைப்பாரு போல" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், சலேத்தும் சிரித்தாள், இறால் கம்பெனியில் கேட்ட சிரிப்பு இல்லை இது, பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு. அவள் கண் மூலைக்குப் போனது, நீலத் திரையைப் பார்த்தது, பிறகு இவனைப் பார்த்து ஒருமுறை மூடித் திறந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் இவனை அப்படிப் பார்த்ததில்லை. ஜெபமாலை ஓடியது. இவன் காது மட்டும் பின்பக்கம் போய்த் தகரக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை. ஒரு தட்டல்கூட இல்லை. இரண்டாம் தேவரகசியம், மூன்றாம் தேவரகசியம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். இல்லை, வழுக்கி விழுந்துவிட்டானா? விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. கேட்காமலும் இருக்கலாம். வியர்வை ஒழுகியது, அது பயமா ஆசையா என்று இவனால் பிரிக்க முடியவில்லை, பிரிக்க இஷ்டமும் இல்லை. ஜெபமாலை முடிந்தது. "வீட்டுல உள்ளவுக பேரச் சொல்லுங்க தம்பி" என்றாள் மைனி, "ஒவ்வொருத்தரா மாதா பாதத்துல ஒப்புக்குடுப்போம்." "இன்னாசி" என்றான். ஆமென் என்றது வீடு முழுக்க. "சலேத்." ஆமென். "வேற?" இப்போது அவள் இவனை நேராகப் பார்த்தாள். கொடுக்கிறாளா, சோதிக்கிறாளா? மெழுகுவர்த்தி சடசடத்தது. சலேத் தலையைக் குனிந்துகொண்டாள். "வேற யாரும் இல்ல மைனி" என்றான். மைனி தலையசைத்தாள், கையை விரித்தாள். "தாயே, இந்த வீட்டுல இருக்கிற ரெண்டு பேரையும் ஒம்ம கையில ஒப்புக்குடுக்கோம், இவுகள ஒரு தீங்கும் அண்டாமக் காத்துக்கிடும்." ஆமென் என்றார்கள் எல்லோரும். அந்தச் சத்தம் சுவர்களில் பட்டு அடங்கியது. அடங்கிய பிறகு, கொஞ்சம் பிந்தி, வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கனமாக, தெளிவாக, சந்தோஷமாக ஒரு குரல் ஆமென் என்றது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிலோமினா மைனி கண்ணை மூடி அடுத்த பாட்டை எடுத்தாள், வழக்கத்தைவிட ஒரு கட்டை உயர்த்தி. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், சலேத்தும் சேர்ந்துகொண்டாள். இன்னாசி வாயைத் திறந்து, அவர்கள் எல்லோரையும்விட உரக்கப் பாடினான்.